சிவப்பு தெரியாத பிலிம்

பிப்ரவரி 3, செவ்வாய்

குப்பைக்குப் போக இருந்த ஒரு பெட்டியை ஆபீசிலிருந்து வீட்டுக்குத் தூக்கி வந்துவிட்டேன். எக்ஸ்ரே பிலிம். எங்கள் ஸ்கேன் சென்டரில் எல்லாம் கம்ப்யூட்டர் என்று ஆன பிறகு அதைச் சீண்டுவார் இல்லை, தேதியும் முடிந்துவிட்டது. பில் போடுகிறவளுக்கு இது எதற்கு என்று டெக்னீஷியனுக்குச் சந்தேகம்.

"போட்டோ எடுக்கப் போறேன்" என்றேன்.

"எலும்பையா மேடம், ஆளையா?"

"ஆளைத்தான்."

ஸ்டாண்டின் மேல் நிற்குமே, எடுக்கிறவர் துணிக்குள் தலையை விட்டுக்கொள்வாரே, அந்தப் பெரிய கேமரா. ஒரு படத்துக்கு ஒரு முழுத் தாள் பிலிம். மதியச் சாப்பாட்டு நேரத்தில் அதைப் பற்றிய வீடியோக்களாகப் பார்த்துத் தள்ளுகிறேன். விலையையும் பார்த்தேன், பார்த்த வேகத்தில் போனைக் கவிழ்த்து வைத்தேன். அப்புறம்தான் ஒரு புண்ணியவான் அட்டைப்பெட்டியில் கேமரா செய்து, எக்ஸ்ரே பிலிமில் படம் எடுத்துக் காட்டினார். எனக்கு அது போதும்.

பெட்டி இப்போது பீரோவுக்குப் பின்னால் இருக்கிறது. வீட்டில் சொல்லவில்லை.

பிப்ரவரி 4

வீட்டுக்காரர் கண்டுபிடித்துவிட்டார். "யாருக்கு என்ன உடம்புக்கு?" என்று முகம் வெளுத்துப்போய்க் கேட்டார். பாவம். விஷயத்தைச் சொன்னதும் அந்தப் பயம் போய் வேறொரு பயம் வந்து உட்கார்ந்துகொண்டது.

பிப்ரவரி 8, ஞாயிறு

ஏன் இந்தக் கிறுக்கு என்று காலையில் கேட்டார். சும்மா ஒரு ஆசை என்று மழுப்பினேன். உண்மையை இங்கே எழுதி வைக்கிறேன்.

பாப்பாவுக்குப் பதினேழு முடிந்துவிட்டது. ஆனால் இந்த வீட்டிலிருக்கும் எந்தப் படத்திலும் அவள் பதினைந்தைத் தாண்டவில்லை. முகத்தில் பரு வர ஆரம்பித்ததிலிருந்து யார் போனைத் தூக்கினாலும் உள்ளங்கையை நீட்டி மறைத்துக்கொள்கிறாள். வகுப்புப் படத்தில் ஒரு நெட்டையனுக்குப் பின்னால் நின்று, நெற்றியின் ஓரம் மட்டும் தெரிகிறது. தெரிந்தவர், தெரியாதவர் என்று பார்க்கிற ஆளெல்லாம் "மூஞ்சியில என்னம்மா இது?" என்று கேட்டால் பிள்ளை என்ன செய்யும்? களிம்பு, மாத்திரை, கிள்ளாதே என்று நானும் என் பங்குக்குப் படுத்தியிருக்கிறேன்.

ஜூலையில் ஹாஸ்டலுக்குப் போகிறாள். அதற்குள் எனக்கு ஒரு படம் வேண்டும். ஒன்றே ஒன்று, உள்ளங்கை இல்லாமல்.

அந்தக் காலத்துப் படங்களில் ஒருத்தர் முகத்திலும் ஒரு புள்ளி கிடையாது. எல்லோரும் பளிங்கு மாதிரி இருக்கிறார்கள். பெரிய பிலிமில் நிதானமாக எடுத்தால் அப்படித்தான் வரும் என்பது என் கணக்கு.

பிப்ரவரி 15, ஞாயிறு

கேமரா தயார்.

மிக்ஸி வந்த பெட்டி வெளியே, அதற்குள் சரியாக நுழைகிற இன்னொரு பெட்டி. முன்னும் பின்னும் நகர்த்தினால் படம் தெளிகிறது. கேமராவின் கண்ணுக்கு அவருடைய பூதக்கண்ணாடி. அவர் லிப்ட் மெக்கானிக். பொடிப்பொடியான பாகங்களைப் பார்க்க வைத்திருந்தார். நேற்றிலிருந்து தேடிக்கொண்டிருக்கிறார், நானும் கூடவே தேடினேன். பூதக்கண்ணாடிக்கு மூடி, என் பவுடர் டப்பாவின் மூடி. பின்பக்கம் படம் விழ ஒரு கண்ணாடி வேண்டும், அதன்மேல் ட்ரேசிங் பேப்பர். கண்ணாடிக்கு எங்கே போவது? கல்யாணப் போட்டோ பிரேமில் ஒன்று சும்மாதானே இருந்தது.

சாயங்காலம் அவர் சுவரைப் பார்த்துக்கொண்டே நின்றார். "நம்ம கல்யாணத்துக்கு என்ன ஆச்சு?" என்றார். கேமராவைக் காட்டினேன். பூதக்கண்ணாடியும் கிடைத்துவிட்டது அவருக்கு.

அவரை நாற்காலியில் உட்கார வைத்து, அவருடைய கறுப்பு ரெயின்கோட்டைத் தலையோடு போர்த்திக்கொண்டு பார்த்தேன். தெரிகிறார்! தலைகீழாக. தலைகீழாக உட்கார்ந்து டீ குடிக்கிறார், ஒரு சொட்டுச் சிந்தவில்லை. இத்தனை வருடத்தில் அவரை இவ்வளவு நேரம் கண் எடுக்காமல் நான் பார்த்ததில்லை.

பாப்பாவும் வந்து கோட்டுக்குள் நுழைந்தாள். நான் பார்த்ததைவிட அதிக நேரம் பார்த்தாள்.

பிப்ரவரி 21, சனி

முதல் படம். மொட்டைமாடித் தண்ணீர்த் தொட்டி. அது அசையாது என்பதால்.

பாத்ரூமில் சிவப்பு பல்பு மாட்டிவிட்டேன். சாதாரண பிலிம் என்றால் கும்மிருட்டில் தடவித் தடவித்தான் கழுவ வேண்டும். "இதுக்கு அந்தக் கஷ்டமே இல்ல மேடம், சிவப்பு இதுக்குக் கண்ணே தெரியாது" என்று டெக்னீஷியன் சொல்லி, மீந்த மருந்துகளையும் கேனில் ஊற்றிக் கொடுத்தார். எவ்வளவு பெரிய வசதி! அவரிடம், பாப்பாவிடம், எதிர் வீட்டு அக்காவிடம், பால் போடுகிறவரிடம் என்று எல்லோரிடமும் சொல்லியாயிற்று.

எதிர் வீட்டு அக்காவுக்கு வேறு சந்தேகம். "பாத்ரூம்ல சிவப்பு லைட் எரியுதே, கோழிக்குஞ்சு வளர்க்கிறியா?" என்றாள். இல்லை என்றேன். நம்பின மாதிரி தெரியவில்லை.

படம்: முழுக்கக் கறுப்பு. பெட்டியின் மூலையில் எங்கோ வெளிச்சம் புகுந்திருக்கிறது.

பிப்ரவரி 22

ஒரு சுருள் கறுப்பு டேப் முழுவதும் காலி. அதே தொட்டி. இந்த முறை பிலிம் கண்ணாடி மாதிரி பளிச்சென்று வெறுமையாக வந்தது. பிலிமுக்கு முன்னால் இருக்கும் அட்டையை உருவவே இல்லை நான்.

பிப்ரவரி 28, சனி

தொட்டி வந்துவிட்டது! கொஞ்சம் கோணல். கீறல் வேறு. ஆனால் தொட்டிதான், யார் பார்த்தாலும் சொல்வார்கள்.

(அவர்: "இது என்ன, யானையா?")

மார்ச் 2

மருந்து ஊற்ற நான் எடுத்த டப்பா அவருடைய சாப்பாட்டு டப்பா என்று எனக்கு எப்படித் தெரியும்? ஓரமாகத்தான் இருந்தது. நன்றாகக் கழுவித்தான் வைத்தேன். மூடியைத் திறந்ததும் லிப்ட்டில் இருந்த மூன்று பேரும் அடுத்த மாடியிலேயே இறங்கிவிட்டார்களாம். புது டப்பா வாங்கிக் கொடுத்திருக்கிறேன். இந்த விஷயத்தை இனி யாரும் பேசக் கூடாது என்றும் சொல்லியிருக்கிறேன்.

மார்ச் 8, ஞாயிறு

முதல் ஆள் படம். அவரையே உட்கார வைத்தேன். மூடியைத் திறந்து, மெதுவாக நாலு எண்ணி, மூடுகிற வரை அசையக் கூடாது. "நாலு எண்ணுற வரைக்கும் சும்மா இருக்க மாட்டேனா?" என்று வீராப்பாகச் சொன்னவர், இரண்டில் போன் அடித்ததும் திரும்பினார். படத்தில் உடம்பு ஒன்று, தலை இரண்டு.

அவருக்கு ஒரே சந்தோஷம். பிலிமைப் போனில் படம் பிடித்து, கறுப்பை வெள்ளையாக்கி, லிப்ட் கம்பெனியில் ஒருத்தர் விடாமல் அனுப்பியிருக்கிறார். இரண்டு தலை இருந்தும் ஒன்றிலாவது கேஸ் புக் பண்ணுகிற ஞாபகம் இருந்ததா என்று கேட்டேன்.

ஒன்று மட்டும் இடிக்கிறது. இரண்டு வாயிலும் உதடு கன்னங்கரேல் என்று இருக்கிறது. விட்டுவிட்டேன் என்று சொன்ன சிகரெட்டை மறுபடியும் ஆரம்பித்துவிட்டாரோ?

மார்ச் 9

கேட்டேன். இல்லவே இல்லை என்று என் தலையில் அடித்துச் சத்தியம் செய்தார். இவ்வளவு வேகமாகச் சத்தியம் செய்கிறாரே, அதுதான் சந்தேகமாக இருக்கிறது.

மார்ச் 11

சட்டையை முகர்ந்தேன். சோப்பு வாசனைதான். ஜாக்கிரதையாக இருக்கிறார்.

மார்ச் 13

பாப்பாவுக்குப் பரீட்சை. முடிகிற வரை பாத்ரூமில் மருந்து நாற்றம் கூடாது என்று உத்தரவு. கேமரா கட்டிலுக்கடியில் போயிற்று.

ஏப்ரல் 5, ஞாயிறு

பரீட்சை முடிந்தது. அவளும் நல்ல மனநிலையில் இருந்தாள். கேட்டுவிட்டேன்.

"மாட்டேன்."

இது போன் இல்லை, இதை யாருக்கும் அனுப்ப வேண்டியதில்லை, ஒரே ஒரு தாள், நீ சொன்னால் அதையும் நானே கிழித்துவிடுகிறேன் என்று பின்னாலேயே அலைந்தேன். துணி காயப்போடும்போதும், தட்டுக் கழுவும்போதும். கடைசியில் நின்று திரும்பி என்னைப் பார்த்தாள்.

"இதெல்லாம் தெரியுமா அதுல?" என்று கன்னத்தைக் காட்டிக் கேட்டாள்.

"தெரியவே தெரியாது" என்றேன். கொஞ்சம்கூட யோசிக்கவில்லை. அவ்வளவு நம்பிக்கை எனக்கு.

பால்கனி நிழலில் ஸ்டூல் போட்டேன். உட்கார்ந்தாள். கன்னத்தை மறைக்க எப்போதும் தொங்கவிட்டிருக்கும் முடியை, நான் கேட்காமலே, அவளே காதுக்குப் பின்னால் ஒதுக்கிக்கொண்டாள். ரெயின்கோட்டுக்குள் எனக்குக் கண் கலங்கிவிட்டது. தலைகீழாக என் பெண் முழு முகத்தோடு என்னைப் பார்க்கிறாள். ஒன்று, இரண்டு, மூன்று, நாலு. இமைகூட அசைக்கவில்லை.

அப்பன் மாதிரி இல்லை, என் பெண்.

அதே நாள், சாயங்காலம்

கடவுளே.

கழுவினேன். பிலிமில் கறுப்பும் வெள்ளையும் தலைகீழ்தானே, முகம் கறுப்பு, அதில் அங்கங்கே சின்னச் சின்னதாக வெளிச்சப் புள்ளிகள். தூசி என்று நினைத்தேன். ஊதினேன். துடைத்தேன். போகவில்லை. போனில் எடுத்துக் கறுப்பை வெள்ளையாக்கினேன்.

மிளகு. வெள்ளைத் தட்டில் மிளகைக் கொட்டின மாதிரி. ஒவ்வொரு பருவும் கறுப்பாக, எடுப்பாக, கண்ணாடியில் பார்த்தால்கூட அவ்வளவு தெரியாது. லேசாகச் சிவந்து ஆறிப்போன தழும்புகூடக் கறுப்பாக வந்திருக்கிறது.

அவள் எனக்குப் பின்னால் நின்றிருந்தாள். எப்போது வந்தாள் என்றே தெரியாது.

"தெரியவே தெரியாதுன்னு சொன்ன."

அவ்வளவுதான் சொன்னாள். ரூம் கதவைச் சாத்திக்கொண்டாள். அடித்துச் சாத்தியிருந்தால்கூட நன்றாக இருந்திருக்கும். மெதுவாகச் சாத்தினாள்.

சிவப்பு தெரியாது சிவப்பு தெரியாதுன்னு ஊரெல்லாம் பீத்திக்கிட்டு திரிஞ்சேனே — பால்காரர்கிட்டகூட சொன்னேனே — சிவப்பு தெரியாத பிலிமுக்கு சிவந்த பரு எப்படித் தெரியும்? கறுப்பாத்தான் தெரியும். இதுகூடவா ஒரு மனுஷிக்குத் தோணாது? ரெண்டு வருஷமா மறைச்சு மறைச்சு வச்சிருந்த பிள்ளையைக் கெஞ்சிக் கூட்டிட்டு வந்து உட்கார வச்சு — என்ன பண்ணித் தொலைச்சிட்டேன் நான்?

அவர் உதடும் அதனால்தான். மனுஷன் சிகரெட்டே பிடிக்கவில்லை.

ஏப்ரல் 6

டெக்னீஷியனிடம் கேட்டேன். "அன்னைக்கே சொன்னேனே மேடம், கண்ணே தெரியாதுன்னு" என்றார். சொன்னார்தான். அவர்மேல் கோபப்பட ஒரு காரணம் தேடினேன், கிடைக்கவில்லை.

ஏப்ரல் 7

"பாப்பா, சாப்பிட வா."

"அப்படிக் கூப்பிடாத."

ஏப்ரல் 9

அவரிடம் சிகரெட் விஷயத்துக்கு மன்னிப்புக் கேட்டேன். "ஒரு மாசமா என் சட்டையை மோந்து மோந்து பார்த்தியே, ஏதோ திடீர்னு என்மேல ஆசை வந்துடுச்சுன்னு நினைச்சேன்" என்றார். வேறு நாளாக இருந்தால் சிரித்திருப்பேன்.

அவள் இன்னும் என்னோடு முகம் கொடுத்துப் பேசவில்லை. அவரோடு பேசுகிறாள். கேட்டதற்கு எனக்குப் பதில் சொல்கிறாள், ஆனால் முடி மறுபடியும் கன்னத்துக்கு வந்துவிட்டது. முன்பு ஒரு பக்கம்தான் தொங்கும். இப்போது இரண்டு பக்கமும்.

ஏப்ரல் 12, ஞாயிறு

கேமராவைத் தூக்கிப் போட்டுவிடுவது என்று முடிவு செய்து, கையில் எடுத்துக்கொண்டு வாசல் வரை போனேன்.

"எங்க கொண்டு போற?" என்று பாப்பா வழியை மறித்தாள்.

"குப்பைக்கு."

"வை கீழ." வைத்தேன். "போய் ஸ்டூல்ல உட்காரு" என்றாள்.

"நான் எதுக்கு?"

"நான் உட்கார்ந்தேன்ல?"

அடுப்பில் பால் இருக்கிறது என்றேன். அணைத்துவிட்டு வந்தாள். தலை வாரவில்லை என்றேன். நானும்தான் வாரவில்லை என்றாள். முகம் கழுவிவிட்டு வருகிறேன் என்று உள்ளே போய் பவுடர் டப்பாவை எடுத்தேன். பின்னாலேயே வந்து பிடுங்கிக்கொண்டாள்.

"பவுடர் எல்லாம் கிடையாது. எனக்குக் குடுத்தியா?"

ஸ்டூலில் உட்கார்ந்தேன். கை இரண்டையும் எங்கே வைப்பது என்று தெரியவில்லை. வயிற்றை எக்கினேன். முகத்தை ஒரு பக்கமாகத் திருப்பினேன், நேராகத் திருப்பச் சொன்னாள். வீட்டுப் படம் எல்லாவற்றையும் எடுக்கிறவள் நான். அதனால் ஒன்றிலும் நான் இல்லை, அது இயல்புதானே என்று இத்தனை நாள் நினைத்திருந்தேன். இன்றைக்கு அந்த ஸ்டூலில் உட்கார்ந்திருக்கும்போதுதான் தெரிந்தது, யாராவது என்னை எடுக்க வந்தால் போனைப் பிடுங்கி "குடு, நான் எடுக்கிறேன்" என்பவளும் நான்தான். பாப்பா உள்ளங்கையை நீட்டுகிறாள். நான் இன்னும் கெட்டிக்காரி.

ரெயின்கோட்டுக்குள்ளிருந்து குரல் மட்டும் வந்தது. "அசையாத. ஒண்ணு..." வேண்டுமென்றே இழுத்து இழுத்து எண்ணினாள். இரண்டுக்கும் மூன்றுக்கும் நடுவில் ஒரு பஸ் போயிற்று.

அவளே கழுவினாள். நான் பாத்ரூம் வாசலில் நின்றேன். போனில் திருப்பிப் பார்த்தாள். அப்புறம் ஒரு சிரிப்பு வந்தது பாருங்கள், கீழே ஈரத்தரையில் உட்கார்ந்துவிட்டாள். எட்டிப் பார்த்தேன். என் இரண்டு கன்னத்திலும், மூக்கின் மேலும், யாரோ அடுப்புக்கரியை அள்ளிப் பூசியிருக்கிறார்கள்.

"என்னம்மா இது?"

"மங்கு" என்றேன். "நீ பிறந்ததிலிருந்து இருக்கு."

"எங்க?"

எழுந்து வந்து என் தாடையைப் பிடித்து ஜன்னல் பக்கம் திருப்பினாள். அப்படியும் இப்படியும் பார்த்தாள். டாக்டர்கூட அவ்வளவு பக்கத்தில் பார்த்ததில்லை.

"நான் கவனிச்சதே இல்ல."

"தினமும் பவுடர் போட்டு மறைக்கிறேன்ல."

"மறைக்கிறதையும் கவனிச்சதில்ல."

இதுதான் சமயம், அப்படியானால் நீயும் உன் முகத்தை — என்று ஆரம்பிக்க வாயைத் திறந்தேன். விரலை நீட்டிவிட்டாள்.

"இப்ப ஏதாவது அட்வைஸ் பண்ணின, இதை நானே குப்பையில போட்டுடுவேன்."

மூடிக்கொண்டேன். வாழ்க்கையில் நான் செய்த ஒருசில நல்ல காரியங்களில் அதுவும் ஒன்று.

ஏப்ரல் 13

"பாப்பா" என்று வாய் தவறிக் கூப்பிட்டுவிட்டேன். "ம்" என்றாள்.

ஏப்ரல் 26, ஞாயிறு

கேமரா இப்போது என்னுடையது இல்லை. நான் தொட்டால் விரல்ரேகை விழுகிறதாம். என் டேப் ஒட்டும் லட்சணத்தைப் பார்த்துவிட்டு எல்லாவற்றையும் பிய்த்து அவளே ஒட்டினாள். மருந்துத் தட்டுக்குள் அடியில் கண்ணாடி போட்டுக் கழுவினால் கீறல் விழாது என்று அவளாகவே கண்டுபிடித்தாள். கல்யாணப் போட்டோவுக்குத் திருப்பி மாட்டலாம் என்று அவர் வாங்கி வந்த புதுக் கண்ணாடி அதற்குப் போய்விட்டது.

எதிர் வீட்டு அக்காவைக் கூப்பிட்டு எடுத்தாள். சிவப்புச் சேலையில் மினுக்கிக்கொண்டு வந்தாள் அக்கா. எழவு வீட்டுக்குப் போகிறவள் மாதிரி கறுப்பில் வந்தாள் படத்தில். "குஞ்சே வளர்த்திருக்கலாம் நீங்க" என்று சொல்லிவிட்டுப் போனாள்.

மே 17, ஞாயிறு

ஜன்னலோரம் உட்கார்ந்து, பிலிமை வெட்டுவதற்கு முன் வெறும் தாளை வெட்டிப் பழகிக்கொண்டிருந்தாள். முகத்தில் நல்ல வெளிச்சம். மெதுவாகப் போனை எடுத்தேன்.

உள்ளங்கை.

சரி, விடு.

ஜூலை 5, ஞாயிறு

ஹாஸ்டலில் விட்டுவிட்டு வந்தோம். அழக் கூடாது என்று மூன்று பேரும் பேசி வைத்திருந்தோம். அவர்தான் கெடுத்தார்.

வீட்டுக்கு வந்ததும் பிலிம் உறையை எடுத்துப் பார்த்தேன். இரண்டு தலையோடு அவர் இருக்கிறார். கரி பூசிக்கொண்டு நான் இருக்கிறேன். தொட்டி, அக்கா, எல்லோரும் இருக்கிறார்கள். அவளுடைய படத்தை மட்டும் காணோம். போனில் நான் எடுத்து வைத்திருந்ததை அன்றைக்கே அழித்துவிட்டேன், அவள் சொல்லாமலே.

கிழித்துப் போட்டிருப்பாள். நீ சொன்னால் கிழித்துவிடுகிறேன் என்று நான்தானே வாக்குக் கொடுத்தேன். அவள் தாள், அவள் முகம். கேட்கப் போவதில்லை. ஆனாலும் ஒரே ஒரு படம் இருந்தது, அதுவும் போயிற்று என்று நினைக்கும்போது தாங்க முடியவில்லை. மிளகாக இருந்தால் என்ன, என் பிள்ளை முடியை ஒதுக்கிக்கொண்டு என்னைப் பார்த்த படம் அது.

ஜூலை 9

ஆபீஸ். தலைவலி. அவளிடமிருந்து "சாப்பிட்டேன்" என்று ஒரு மெசேஜ்.

ஜூலை 14, செவ்வாய்

மதியம் போன் பண்ணினாள். சாப்பாடு மோசம், தலையணை உயரம், பக்கத்துக் கட்டில்காரி தூக்கத்தில் கணக்குப் போடுகிறாள் என்று ஆரம்பித்து, நடுவில் போகிறபோக்கில் சொன்னாள்.

"அம்மா, அந்த பிலிமை நான்தான் எடுத்துட்டு வந்தேன். ஜன்னல்ல ஒட்டியிருக்கேன். காலைல வெயில் வந்தா நல்லாயிருக்கு."

எந்த பிலிம் என்று தெரியாத மாதிரி கேட்டேன்.

"என்னோடதுதான். யாருன்னு எல்லாரும் வந்து கேக்குறாங்க. நான்தான்னு சொல்றேன். அது என்ன புள்ளி புள்ளியா மின்னுதுன்னு கேக்குறாங்க. பருன்னு சொல்றேன். இப்ப எல்லாருக்கும் எடுக்கணுமாம். எங்க ஹாஸ்டல் மாடியில எல்லார் மூஞ்சியிலயும் இருக்கும்மா. ஒருத்திக்கு என்னைவிட ஜாஸ்தி, அவதான் முதல்ல உட்காருவேன்னு சண்டை போடுறா. ஞாயித்துக்கிழமை கேமரா டப்பாவைத் தூக்கிட்டு வா. பிலிம் நிறைய எடுத்துட்டு வா."

சரி என்றேன். வைத்த பிறகு கவுண்டரில் ஒரு ஆளுக்குத் தப்பாகப் பில் போட்டேன், இடுப்பு எக்ஸ்ரேவுக்குப் பல் எக்ஸ்ரே என்று. அவர் கோபித்துக்கொண்டார். நான் சிரித்துக்கொண்டே திருத்திக் கொடுத்தேன்.

ஞாயிற்றுக்கிழமை அவரும் வருகிறேன் என்கிறார். வண்டியில் டப்பாவை வைத்தால் அவருக்கு இடமில்லை. பஸ்ஸில் வரச் சொல்லியிருக்கிறேன்.